மூன்றாவது வெள்ளாறும் ஒரு வால்வின் பெயரும்

வெள்ளாறு மீண்டும் கடலில் இருக்கிறது. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடலோடு சேரும் நம் ஆற்றைச் சொல்லவில்லை. அதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலைச் சொல்கிறேன். நம் மாவட்ட முன்னாள் படைவீரர் மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று இளையவர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். எழுத ஒன்றும் இல்லை என்று தட்டிக்கழித்தேன். அது பொய். ஒன்று இருந்தது. அதை எழுதும் துணிவு இப்போதுதான் வந்திருக்கிறது.

கடற்படையில் கப்பல் சாகும், பெயர் சாகாது. பழைய கப்பலை உடைக்க அனுப்பிச் சில காலம் கழித்து, அதே பெயரைப் புதுக் கப்பல் ஒன்றுக்குச் சூட்டுவார்கள். பெயரோடு முத்திரையும், பழைய கப்பல் ஈட்டிய பெருமைகளும் புதியதற்குப் போய்ச் சேரும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, தாத்தாவின் முன்கோபமும் இருக்கிறதா என்று நம் வீடுகளில் பார்ப்பதில்லையா? அப்படித்தான் நாங்களும் புதுக் கப்பலை உற்றுப் பார்ப்போம். 'வெள்ளாறு' என்ற பெயரில் இதுவரை மூன்று கப்பல்கள். முதல் இரண்டிலும் நான் வேலை பார்த்தவன்.

மூன்றாவதைப் படையில் சேர்க்கும் விழாவுக்கு அழைப்பு வந்தது. பழைய வெள்ளாறு ஆட்களை அழைப்பது மரபு. மூட்டுவலி என்று சொல்லி நான் போகவில்லை. மூட்டு நன்றாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"கலியபெருமாள் சாரா? நான் லெப்டினன்ட் நிவேதா. வெள்ளாறு கப்பல்ல என்ஜினியர் ஆபீசர். ஊரு விருத்தாசலம் சார்."

வெள்ளாற்றின் என்ஜின் அறையில் விருத்தாசலத்துப் பெண்! என் காலத்தில் கப்பலில் பெண் குரலே கேட்டதில்லை. அவர் நிறுத்தாமல் பேசினார்.

"விழாவுக்கு நீங்க வரல. பரவாயில்ல, இப்ப நாங்களே வர்றோம். பேரு குடுத்த ஊரைப் பாக்கணும்னு கேப்டனுக்கு ஆசை. கடலூர்ல ரெண்டு நாள் நங்கூரம் போடுறோம். ரெண்டாவது கப்பல்ல மொத நாள்லேர்ந்து இருந்தவரு நீங்க. பசங்களுக்கு நாலு கதை சொல்லணும்."

"என்னா கதைம்மா, எல்லாம் மறந்துபோச்சு."

"மறந்துட்டீங்களா? எங்களுக்கே தெரியுதே! அந்தோணியைக்கூட நாங்க விடல சார். ஒங்க கப்பல்ல இருந்த மாதிரியே பின் பம்ப் ரூம்ல ஏணிக்குக் கீழ எடது பக்கம் ஒரு வால்வு இருக்கு, அதுக்கு இன்னிக்கும் அந்தோணின்னுதான் பேரு. புதுசா வர்றவனுக்கு மொத பாடமே அதான். 'அந்தோணி மாதிரி அவசரத்துல கைக்கு வந்ததைத் திருகாத.' பழைய கப்பல்லேர்ந்து வந்தவுங்க கூடவே கொண்டாந்த பேரு." சிரித்துவிட்டு, "யாரு சார் அந்த அந்தோணி? நெசமாவே அப்புடி ஒருத்தர் இருந்தாரா?" என்று கேட்டார்.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இருந்தார் என்ன, இருக்கிறார். சிதம்பரத்தில், பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவில். ஓய்வு பெற்று ஊர் திரும்பியது முதல் நடராசர் கோயிலுக்குப் போவதைக்கூட நான் தவிர்த்து வந்ததற்குக் காரணமே அவன்தான்.

நான் அண்ணாகிராமத்துக்காரன். வீட்டில் முந்திரித் தோப்பு, பலா. கல்லூரியில் புகுமுக வகுப்பு முடித்தவுடன் கடற்படைத் தொழில்நுட்பப் பயிற்சிக்குத் தேர்வானேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரம் பிடித்தேன், கணக்குப் போட்டேன், அடி வாங்கினேன், இந்தி கற்றேன். முதல் பணியிடத்துக்கான தாளைப் பிரித்தபோது அதில் 'வெள்ளாறு' என்று இருந்தது. எழுத்தரிடமே, "இது எங்க ஊரு ஆறு சார்" என்று கத்தினேன். "அப்படியானால் நீந்திப் போ" என்றார் அவர்.

அந்த முதல் வெள்ளாறு வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்த கிழட்டு நீராவிக் கப்பல். என்ஜின் அறையில் நின்றால் செருப்பின் அடிப்பாகம் இளகும். ஆனால் கொதிகலன் முழு அழுத்தம் பிடித்து, கப்பல் முழு வேகத்துக்கு எழும்பும்போது உடம்பு முழுக்க ஓர் அதிர்வு ஓடும் பாருங்கள், அதற்கு ஈடாக நான் இதுவரை எதையும் அனுபவித்ததில்லை. அதன் ஒவ்வொரு குழாயும் எனக்குத் தெரியும். பின் பம்ப் அறையில், ஏணிக்குக் கீழே, இடது கைப்பக்கம், முழங்கால் உயரத்தில் ஒரு கைச்சக்கரம் இருந்தது. கடல்நீர் உள்ளே வரும் வழியை அடைக்கும் முக்கிய வால்வு அது. கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன்.

அதைப் படையிலிருந்து விலக்கிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைசி நாளில் கப்பலின் நீளத்தையும் மிஞ்சும் ஒரு மெல்லிய கொடியைப் கொடிமரத்து உச்சியில் பறக்கவிடுவார்கள். அது காற்றில் பின்பக்கம் தாண்டி நீர்மேல் நெளிந்துகொண்டிருந்தது. நாங்கள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்றோம். சூரியன் விழும் நேரம் பார்த்து, ஊதுகுழல் ஒலிக்க, கடற்படைக் கொடியைக் கடைசி முறையாக இறக்கினார்கள். அந்த நொடியிலிருந்து அது கப்பல் இல்லை, இரும்பு. அழுதவர்களைப் பார்த்து எங்கள் தலைமைச் சமையற்காரர், "எதுக்குடா ஒப்பாரி? பேரு போவல, திரும்பி வரும்" என்று அதட்டினார். அதட்டியவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

பெயர் திரும்பி வந்தது. நம் நாட்டிலேயே கட்டிய இரண்டாவது வெள்ளாற்றில் முதல் நாளே என்னைப் போட்டார்கள். அப்போது நான் சீஃப் ஆர்டிஃபிசர், அதாவது என்ஜின் பகுதியின் மூத்த கைவினைஞன். பழைய வெள்ளாற்றிலிருந்து வந்தவர்கள் நாலைந்து பேர்தான். ஆனால் எங்களுக்கு இருந்த திமிர் நாற்பது பேருக்குக் காணும். புதியவர்கள் ஏதாவது கேட்டால், "நம்ம வெள்ளாத்துல அப்புடி இல்லப்பா" என்று தொடங்குவோம். பெயர் ஒன்று என்பதால் கப்பலும் ஒன்று என்று மனசுக்குள் ஊறிப்போயிருந்தது. என் தவறு அங்கேதான் தொடங்கியது. இரண்டு கப்பலுக்கும் பெயர் வேறாக இருந்திருந்தால் அதை நான் செய்திருக்கவே மாட்டேன்.

எங்கள் பொறியியல் அதிகாரி குரல் உயர்த்தாதவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். சூடு பார்க்க உள்ளங்கையை வைக்க மாட்டார். புறங்கையால் குழாயைத் தொடுவார். "உள்ளங்கை சுட்டால் ஸ்பேனரைப் பிடிக்க முடியாது" என்பார். அவர் ஒரு முறையைக் கட்டாயமாக்கியிருந்தார். கப்பலுக்கு வந்த ஒவ்வொருவரும், சீஃப் ஆனாலும் சரி, கடைநிலை ஆளானாலும் சரி, ஒவ்வோர் அறையிலும் டார்ச்சோடு தவழ்ந்து, குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தொட்டுத் தொட்டுப் போக வேண்டும். லைன் ட்ரேசிங் என்று பெயர். பிறகு அவரே கீழே வந்து, தன் கைக்குட்டையால் நம் கண்ணைக் கட்டுவார். "தீயணைப்புக் குழாயின் இரண்டாவது வால்வு" என்பார். நாம் போய்த் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் திட்ட மாட்டார். "மறுபடி தவழுங்கள்" என்பார்.

மற்ற அறைகளில் எல்லாம் நான் தவழ்ந்தேன். பின் பம்ப் அறை மட்டும் மிச்சம். இடுப்பு பிடித்துக்கொள்ளும் குறுகல் அது. பழைய கப்பலில் அது எனக்கு மனப்பாடம். ஏணியில் நின்று எட்டிப் பார்த்தேன். அதே பம்ப், அதே ஏணி. மேலே ஏறிவிட்டேன். மறுநாள் அதிகாரி வேறு வேலையாக இருந்தார். போகிற போக்கில், "பின் பம்ப் அறை பார்த்துவிட்டீர்களா, கலியபெருமாள்?" என்றார்.

"பார்த்துவிட்டேன் சார்."

என் சொல்லை நம்பிக் கண்ணைக் கட்டாமலே கையெழுத்துப் போட்டார். அந்த அறையைப் புதுக் கப்பலில் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாக மாற்றிக் கட்டியிருந்தார்கள். கடல்நீரை அடைக்கும் வால்வு வலப்பக்கம் போயிருந்தது. இடப்பக்கம் முழங்கால் உயரத்தில் இருந்த கைச்சக்கரம் வேறு வேலைக்கு. உள்ளே சேரும் நீரை வெளியே தள்ளும் குழாயின் வால்வு அது.

அந்தோணிராஜ் அந்தக் கப்பலில்தான் என்னிடம் வந்து சேர்ந்தான். கடலூர் முதுநகர்ப் பையன், கோயில் பாடகர் குழுவில் பாடியவன், பம்ப் சத்தத்தோடு சுருதி சேர்த்துப் பாடுவான். வேலை நேரத்தில் என்னை சீஃப் என்பான். மற்ற நேரத்தில் மாமா. ஆர்டிஃபிசர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். நான்தான் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு பிற்பகல், கடும் கடலில் வேகச் சோதனை. கப்பல் உருண்டு உருண்டு ஓடியது, நாங்களெல்லாம் உற்சாகத்தில் இருந்தோம். திடீரென்று பின் பம்ப் அறையிலிருந்து ஒரு வெடிச் சத்தம். கடல்நீர்க் குழாயின் ரப்பர் இணைப்பு பிய்ந்துவிட்டது. நான் அந்த அறைக்கு ஏணி இறங்கும் வாய்த்துளைக்கு ஓடியபோது விளக்குகள் அணைந்துவிட்டன. கீழே அந்தோணி. தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் இரைச்சல்.

"மாமா! எதை மூடணும்? ஒண்ணும் தெரியல!"

நான் யோசிக்கவே இல்லை. அதுதான் கொடுமை, யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு எனக்குத் தெரிந்திருந்தது. "ஏணிக்குக் கீழடா! இடது கை! முழங்கால் உயரம்! சக்கரத்த வலப்பக்கம் சுத்து!" என்று கத்தினேன்.

"ஆப்ட்டுது!"

சுற்றினான், முழுக்கச் சுற்றினான். வெளியேறிக்கொண்டிருந்த நீரும் நின்றது. அறை நிரம்பத் தொடங்கியது. "நிக்கல மாமா, ஏறுது!" என்றான். "இன்னும் இறுக்குடா!" என்றேன். தண்ணீர் ஏறியதும் தரையில் பதித்திருந்த இரும்புத் தகடுகள் பெயர்ந்தன. கப்பல் ஒருபக்கம் சாய்ந்தபோது ஒரு தகடு சறுக்கி வந்து, சக்கரத்தைப் பிடித்திருந்த அவன் வலக்கையைச் சட்டத்தோடு வைத்து நசுக்கியது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் தோளைத் தள்ளிக்கொண்டு யாரோ கீழே இறங்கினார்கள். எங்கள் அதிகாரி. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மார்பளவு நீரில், இருட்டில், நேராக வலப்பக்கம் போனார். சில நொடிகளில் இரைச்சல் அடங்கியது. கப்பல் பிழைத்தது. அந்தோணிக்கு இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் அந்த அறையின் வரைபடத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்தது எனக்கே புரிந்தது. கரைக்கு வந்ததும் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே பேசியதை அப்படியே எழுதுகிறேன். அவன் கையில் பெரிய கட்டு. நான் சொன்னேன்: "விசாரணையில கேப்பாங்க. இருட்டுல தெரியாம வேற வால்வை மூடிட்டேன்னு சொல்லிடு. கை போன ஒன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்கு அப்புடி இல்லடா."

அவன் என்னைப் பார்த்தான். "சரி மாமா" என்றான். அப்படியே சொன்னான். விசாரணையில் அதிகாரி என்னை, "பின் பம்ப் அறையைத் தவழ்ந்து பார்த்தீர்களா?" என்று இரண்டாம் முறை கேட்டார். "பார்த்தேன் சார்" என்று இரண்டாம் முறை பொய் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். அதன்பின் அந்தக் கப்பலில் நான் எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும், மறுபேச்சு இல்லாமல் அவரே கீழே இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

தவறு அந்தோணியுடையது என்று முடிவானது. தேர்வு எழுதாமலே ஊருக்குப் போனான். எனக்குப் பதவி உயர்வு வந்தது. திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டேன். முடி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. கப்பலில் அந்தச் சக்கரத்துக்கு யாரோ வேடிக்கையாக 'அந்தோணி' என்று பெயர் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை. சில நேரம் நானும் சிரித்தேன்.

இப்போது மூன்றாவது கப்பலுக்கு அந்தப் பெயரும் சொத்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது!

நிவேதா பேசிய மறுநாளே சிதம்பரம் கிளம்பினேன். ரயிலடிக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் வாடகைக் கடை. கல்லாவில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவன் மனைவி ஸ்டெல்லா.

"கல்யாணமா, காதுகுத்தா?"

"ரெண்டும் இல்லைம்மா. அந்தோணிராஜைப் பாக்கணும். நாங்க நேவில ஒண்ணா இருந்தோம்."

"அவரு நேவில இருந்தத இன்னும் ஞாபகம் வச்சிருக்கறவுங்ககூட இருக்காங்களா? ஏங்க! ஒங்க கூட்டாளி ஒருத்தரு வந்திருக்காரு!"

ஒரு ஜெனரேட்டருக்குப் பின்னாலிருந்து எண்ணெய்க் கறையோடு எழுந்தான். தலை முழுக்க நரை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தான். பிறகு, "மாமா!" என்றான். "இன்னா மாமா, தலை வழுக்கையாயிட்டாலும் அந்த மூக்கு மட்டும் மாறல!"

ஸ்டூலை இழுத்துப் போட்டான். டீ சொன்னான். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நான் தொடங்கினேன். அறையைத் தவழ்ந்து பார்க்காதது, பழைய கப்பலின் இடத்தைச் சொன்னது, விசாரணையில் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இதச் சொல்லவா வந்த? எனக்குத் தெரியாதா? என் காதுல கத்துனது நீதான?"

டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா எழுந்து வந்திருந்தார். "இன்னா சொல்றாரு இவரு? நீ ஒன் புத்தியில்லாத்தனத்தால கையை விட்டன்னுதான எங்கிட்ட சொன்ன? குளிர் காலத்துல கை வலிச்சா, 'என் தப்புதான் ஸ்டெல்லா'ன்னு நீ சொல்ல, நானும் ஆமான்னு சொல்லிக்கினு ஒத்தடம் குடுத்தேனே!" என்னிடம் திரும்பினார். "ஏங்க, படிச்ச மனுஷன்தான நீங்க? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல கடலா இருக்குது? பஸ்ஸுதான போவுது?"

இருந்த மிச்சத்தையும் சொன்னேன். புதுக் கப்பலில் அந்த வால்வுக்கு இன்றைக்கும் அந்தோணி என்று பெயர் இருப்பதை.

அதுவரை சிரித்த முகமாக இருந்த அந்தோணி, அதைக் கேட்டதும் மாறிவிட்டான். "தப்பான வால்வுக்கா? என் பேரா?" என்றான். துணியைக் கீழே போட்டான். "மாமா, என் மவ வயித்துப் பேரன் நேவிக்கு எழுதிப் பாஸாயிட்டான். அடுத்த மாசம் ட்ரெய்னிங் போறான். அவன் அங்க போயி எங்க தாத்தா பேரு அந்தோணிராஜு, வெள்ளாத்துல இருந்தாருன்னு சொன்னா..." முடிக்கவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேன்டா. எங்கிட்ட என்னா வேணும்னாலும் கேளு."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! தெரியாதவுங்ககிட்ட சொல்லு. கப்பல்ல, அதே எடத்துல நின்னு சொல்லு. நானும் வரேன். நீ சொல்றத நான் கேக்கணும்."

"நானும் வரேன்" என்றார் ஸ்டெல்லா. "இவரு பாதியில முழுங்கிட்டா எடுத்துக் குடுக்க ஆளு வேணும்."

கப்பல் வந்த அன்று வெள்ளிக் கடற்கரையில் திருவிழாக் கூட்டம். தொலைவில் சாம்பல் நிறத்தில், கத்தி போன்ற மூக்கோடு நின்றது மூன்றாவது வெள்ளாறு. பக்கத்தில் நின்றவர், "இன்னா சார், சண்டை எதுனா வரப்போவுதா?" என்று கேட்டார். "எனக்குத்தாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

முதுநகர்த் துறைமுகத்திலிருந்து கப்பலின் படகு எங்களை ஏற்றிக்கொண்டது. முகத்துவாரம் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. எத்தனை வெட்கத்தோடு போனேனோ, அத்தனை சந்தோஷமும் கூடவே வந்தது. என்னால் மறைக்க முடியவில்லை. "பாருடா, முன்பக்கத்தப் பாரு! எம்மாம் ஒசரம்!" என்று நான் கத்த, "பொகைபோக்கி எங்க மாமா? பொகையே காணும்!" என்று அவன் கத்த, ஸ்டெல்லா இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பக்கவாட்டு ஏணியில் எட்டு விரலோடு அவன் எனக்கு முன்னால் ஏறினான்.

நிவேதா எங்களை வரவேற்றார். வயது முப்பதைத் தொட்டிருக்காது. அந்தோணியை என் நண்பர் என்று மட்டும்தான் அறிமுகம் செய்திருந்தேன். என்ஜின் அறையைச் சுற்றிக் காட்டினார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அத்தனையும் திரையில் தெரிகிறது. "ஆனா லைன் ட்ரேசிங்கை மட்டும் விடல சார். கண்ணைக் கட்டித்தான் பரீட்சை" என்றார். எனக்கு எங்கள் அதிகாரியைத் தேடிப் பிடித்து அதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் காலமாகிவிட்டார்.

பின் பம்ப் அறைக்கு இறங்கினோம். புடவையோடு இறங்க முடியாமல் ஸ்டெல்லா மேலே வாய்த்துளையில் குனிந்து நின்றார். கீழே ஏழெட்டு மாலுமிகள். பஞ்சாபிலிருந்து ஒருவன், ஒடிசாவிலிருந்து ஒருவன். அதில் ஒருவன் உற்சாகமாக ஒரு கைச்சக்கரத்தைத் தட்டி, "இதுதான் சார் அந்தோணி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தோணி சிரிக்கவில்லை.

நான் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்க!" என்று மேலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

எனக்குத் தெரிந்த கப்பல் இந்தியில் சொன்னேன். இவர்தான் அந்தோணிராஜ். இவர் அவசரத்தில் கைக்கு வந்ததைத் திருகவில்லை. நான் சொன்ன சக்கரத்தை, நான் சொன்ன திசையில், நான் சொன்னபடி திருகினார். நான் சொன்னது செத்துப்போன கப்பலின் வால்வு. இந்தப் பெயருள்ள கப்பலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்து, இந்த அறையைத் தவழ்ந்து பார்க்காமலே பார்த்தேன் என்று பொய் சொன்னவன் நான். விரல் போனது இவருக்கு. பழியையும் இவர் தலையிலேயே கட்டினேன்.

மாலுமிகள் அந்தோணியின் கையைப் பார்த்தார்கள். சக்கரத்தைத் தட்டியவன் தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டு, அந்தோணிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். சீருடை இல்லாதவருக்கு அடிக்கும் வழக்கம் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

"இந்தப் பேரை இன்னியோட எடுத்துடுறோம் சார்" என்றார் நிவேதா, தமிழில்.

"எடுக்காதீங்கம்மா" என்றான் அந்தோணி. "பேரை எடுத்தா கதையும் போயிடும். பெறவு வேற ஒருத்தன் தவழாம வருவான். பேர மாத்துங்க."

"என் பேர வைங்க" என்றேன் நான். "தொடக் கூடாத வால்வுக்கு என் பேரு."

"கலியபெருமாளா? அம்மாம் நீளம் சக்கரத்துல எடம் பத்தாதே மாமா!" என்றான். பல காலத்துக்கு அப்புறம் அவன் சிரித்து நான் பார்த்த முதல் முழுச் சிரிப்பு அது.

"அப்ப சரியான வால்வுக்கு அந்தோணின்னு வச்சிடலாமா?" என்று நிவேதா ஆர்வத்தோடு கேட்டார்.

மேலிருந்து பதில் வந்தது. "வேணாம்மா. எங்க வூட்டுக்காரர் பேரு எந்த வால்வுக்கும் வேணாம். அவரு மனுஷன்."

கேப்டனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பலின் வரலாற்றைத் திருத்தி எழுதச் சொல்வதாகச் சொன்னார். ஸ்டெல்லா இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் கடைக்குப் போனால் டீ மட்டும் வருகிறது. அது போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

போன வாரம் நிவேதா கூப்பிட்டார். நடுக்கடலிலிருந்து துறைமுகம் திரும்பிய கையோடு பேசினார்.

"சார், நேத்து பம்ப் ரூம்ல விளக்கை அணைச்சுட்டு வெள்ளப் பயிற்சி. புதுசா வந்த பையன் ஒருத்தன் ஏணிக்குக் கீழ கையை நீட்டிட்டான். நாலு பேரு நாலு பாஷையில ஒண்ணா கத்துனாங்க சார்: 'டேய், அது கலியபெருமாள்! தொடாத!' அவன் கையை எடுத்துட்டு நேரா வலப்பக்கம் போய்ச் சரியான வால்வை மூடிட்டான்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "ஒங்களத் தொடக் கூடாதாமே, இன்னாங்க அது?" என்றாள். அவளிடம் இந்தக் கதையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். அதற்கு முன் அந்தோணிக்குப் போன் போட்டேன். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல் நடந்ததைக் கத்திச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி சொல்லச் சொன்னான். மறுபடி சொன்னேன்.

"மாமா, நாலாவது வெள்ளாறு வர்றப்ப நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன்" என்றான். "ஆனா அதுலயும் ஒன்ன ஒருத்தனும் தொட மாட்டான்."